இரண்டு கிழவிகளும் ஒரு சக்கரமும்

ஹெட்லண்ட், நெப்ராஸ்கா
1924 அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சிக்னேவுக்கு,

அம்மா எழுதுவது. என் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. சோள அறுவடைக்கு ஓர் ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் காதில் போட்டுக்கொள்வதில்லை. பழுப்புப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. உன் சித்தப்பா மகள் எப்பாவுக்குக் கிறிஸ்துமஸ் கழித்துக் கல்யாணம். மாப்பிள்ளை பல் டாக்டர். ஊரில் எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்கிறவனுக்குத் தன் வாயை மூடத் தெரியவில்லை. ஆனால் நல்ல பையன்.

மூன்று வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். காரணம், போன வாரம் நீ எப்பாவுக்கு எழுதிய கடிதம். அவளுக்கு நீ எழுதும் கடிதம் ஒன்றையும் நான் விட்டதில்லை, தெரியுமா? அவள் நம் சமையலறையில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாள். நான் எனக்கென்ன என்பதுபோல் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். கடிதம் நீளமாக இருந்தால் கழுவிய பாத்திரத்தையே திரும்பவும் கழுவுவேன். எப்பா கெட்டிக்காரி, ஒருநாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கார்வர் பொருட்காட்சியில் யாரோ ஒரு கிழவி உன் உயிரைக் காப்பாற்றினாள், இறங்கிவந்து தேடினால் ஆளைக் காணவில்லை, பெயர்கூடத் தெரியவில்லை, மனசு ஆறவில்லை என்று அதில் எழுதியிருந்தாய். அந்தக் கிழவி நான்தான். எனக்கு ஐம்பத்து நான்குதான் ஆகிறது. மற்றதையெல்லாம் மன்னித்தாலும் கிழவி என்றதை மன்னிக்க மாட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவிடம், வெண்ணெய் எடுக்கும் புது மெஷினைப் பொருட்காட்சியில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொன்னேன். ஊர்க்காரர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது, உன் கண்ணில் படவே கூடாது. அதனால் என் மாமியாரின் கறுப்பு நீளப் பாவாடையையும் நாடா வைத்த பழைய தொப்பியையும் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு காலை ரயிலைப் பிடித்தேன். உன்னைத் தூரத்தில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம்.

பார்த்தேன். தோல் குல்லாயும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் எண்ணெயும் கரியுமாக, இந்த மைதானமே உன் அப்பன் வீட்டுச் சொத்து என்பதுபோல் நடந்து வந்தாய். பக்கத்தில் சுருட்டோடு நின்ற ஒருவன், "இவளைப் பெத்தவ எங்கப்பா போனா? வீட்டுல கட்டிப் போட வேணாமா?" என்றான். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னதைத்தானே அவனும் சொன்னான்?

காசு கொடுத்து ஒரு சுற்றுப் பறந்து பார்க்க, உன் விமானத்தின் முன் இருக்கையில் மாவு மில் முதலாளி பெர்க்விஸ்ட் ஏறினார். ஏறினார் என்ன, பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளி ஏற்றினார்கள். விமானம் ஓடத் தொடங்கி, ஏதோ பள்ளத்தில் விழுந்து எழும்பியது. அடுத்த நொடி நீ மேலே போய்விட்டாய், உன் இடது பக்கச் சக்கரம் மட்டும் தனியாகத் தரையில் உருண்டு வந்து நான் நின்ற வேலியோரத்தில் சாய்ந்து விழுந்தது. கூட்டம் மொத்தமும் அண்ணாந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. உங்கள் வான்சாகசக் குழுவின் மெக்கானிக் அடுத்த விமானத்தின் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தான். சக்கரத்தைப் பார்த்தது நான் ஒருத்தி.

பறக்கிறவர்களுக்குச் சக்கரம் கழன்றது தெரியாது, கீழே இருப்பவர்கள் ஒரு சக்கரத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினால்தான் புரிந்துகொள்வார்கள் என்று போன வசந்தத்தில் எப்பாவுக்கு எழுதியிருந்தாய் இல்லையா? பாத்திரம் கழுவிய காதில் அது விழுந்திருந்தது. வேலியைத் தாண்டினேன். எப்படித் தாண்டினேன் என்று கேட்காதே. நாற்பது வருஷம் பால் கேன் தூக்கிய கை, சக்கரம் ஒன்றும் பெரிய பாரமாக இல்லை. தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவே ஓடினேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அடுத்த ஆட்டம் உங்கள் ராஸ்கோவுடையது என்று. அவன் கிழவி வேஷம் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் புகுந்து, சண்டை போட்டு, விமானத்தில் ஏறி, தெரியாமல் கிளப்பிவிட்டவன் மாதிரி மேலே தாறுமாறாகப் பறந்து காட்டும் ஆட்டம். அவனுக்கும் கறுப்புப் பாவாடை, அவனுக்கும் நாடாத் தொப்பி! உங்கள் அறிவிப்பாளன் தகரக் குழலை வாயில் வைத்து, "வந்துட்டா பாருங்க நம்ம கிழவி! இந்தத் தடவை சக்கரத்தையே லவட்டிக்கிட்டு வந்துட்டா!" என்று கத்தினான். அவன் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது.

நீயும் தாழ்வாக வந்தாய். என் தலைக்கு மேலேயே வந்தாய். உன் பல் தெரிந்தது, அப்படிச் சிரித்தாய். கையை ஆட்டினாய், சிறகை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டாய். ஆபத்து வந்ததுபோல் நடித்து நடித்தே பிழைக்கிற கூட்டமடி நீங்கள். நிஜமாகவே ஆபத்து வந்தபோது உங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. "சிக்னே! சிக்னே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மூன்று வருஷமாக வாயில் எடுக்காத பெயர். நான் கத்தக் கத்த ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

எஞ்சின் சத்தம் இறங்கியது. நீ தரையிறங்கத் திரும்புகிறாய் என்று புரிந்தது. அந்த நேரத்தில் கூடாரத்திலிருந்து ராஸ்கோ பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். வந்தவன் என்னைப் பார்த்து, "யாரும்மா நீ? என் பொழப்புல மண்ணைப் போடுறியே!" என்று சண்டைக்கே வந்துவிட்டான். "அட மடையா, இது அவ சக்கரம்டா! மேல போறாளே, அவளோடது!" என்றேன். அவன் சக்கரத்தைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான். பூசியிருந்த பவுடருக்கு மேலேயே முகம் வெளுத்துப்போனது.

அந்த மனிதனுக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டவள். ஜனங்கள் முன்னால் அவன் வேஷத்தைக் கலைத்ததே கிடையாதாமே? தொப்பியையும் நரைமுடியையும் பிடுங்கி எறிந்துவிட்டு, மொட்டைத் தலை வெயிலில் பளபளக்க, என் பக்கத்தில் வந்து நின்று சக்கரத்தை என்னோடு சேர்ந்து தூக்கிப் பிடித்தான். அப்போதுதான் நீ பார்த்தாய். தரையைத் தொடப் போன விமானம் ஓவென்று கத்திக்கொண்டு எங்கள் மேலே எழும்பிப் போயிற்று. நீ எட்டி எட்டிக் கீழே பார்த்ததும், பெர்க்விஸ்டின் தோளைத் தட்டி எதையோ சொன்னதும் தெரிந்தது.

இரண்டு சுற்று சுற்றினாய். அந்த இரண்டும் எனக்கு இரண்டு பிரசவம். ராஸ்கோ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்கம்மா, அவ கைக்குப் பதட்டம்னா என்னன்னே தெரியாது" என்றான். சொன்னவன்தான் என் முழங்கை கன்றிப்போகும்படி இறுக்கினான்.

பிறகு நீ இறங்கியதை நான் என்னவென்று எழுதுவேன்! வலது சக்கரத்தை மட்டும் பூப்போலத் தரையில் வைத்தாய். இடது சிறகை விழவிடாமல் தூக்கிப் பிடித்தபடியே அவ்வளவு தூரம் ஓட்டினாய். வேகமெல்லாம் அடங்கிய பிறகுதான் சிறகை மெல்லத் தரையில் சாயவிட்டாய். அது புல்லைச் சீவிக்கொண்டு போய், விமானம் அரைவட்டம் திரும்பி நின்றது. சிறகு நுனியில் கொஞ்சம் துணி கிழிந்ததோடு சரி. பெர்க்விஸ்ட் யார் உதவியும் இல்லாமல் குதித்து இறங்கி, இன்னொரு சுற்று உண்டா என்று கேட்டாராமே! ஜனங்கள் எல்லாமே ஆட்டம்தான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். என்ன நடந்தது என்று தெரிந்து, சக்கரத்தைக் காலில் சாய்த்துக்கொண்டு கைதட்டியவள் நான் ஒருத்தி. ரொம்பப் பெருமையாக இருந்ததடி. என் மகள் என்று கூவவேண்டும் போல இருந்தது.

கூவினேன் என்றுகூடச் சொல்லலாம். திரும்பி வரும்போது அந்தச் சுருட்டுக்காரன் முன்னால் நின்று, "பெத்தவ எங்கேன்னு கேட்டியே, இங்கதான்டா நிக்கிறா" என்றேன். அவன் அதையும் வேஷம் என்று எண்ணி எனக்கு ஒரு தனிக் கைதட்டல் கொடுத்தான்.

ஏன் உன்னிடம் வரவில்லை என்று கேட்பாய். நீ எங்களை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாய். நான் சக்கரத்தை ராஸ்கோ கையில் திணித்துவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டேன். பயம்தான், வேறென்ன. கால்சட்டை மாட்டிக்கொண்டு ஆகாயத்தில் கூத்தாடுகிறவள் என் வயிற்றில் பிறக்கவில்லை என்று வாசலில் நின்று சொன்ன வாயோடு உன் எதிரில் வந்து நான் என்ன பேசுவேன்? நீ முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

ரயிலில் எதிரே இருந்த பெண் என் பாவாடையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இவ்வளவு கிரீஸு?" என்றாள். "என் பொண்ணு ஏரோப்ளேன் ஓட்டுறா, அவளோட சக்கரத்துல பட்டது" என்றேன். அப்புறம் என்ன, வாய் நிற்கவில்லை. வழி முழுக்க அந்தப் பெட்டிக்கே கதை சொன்னேன். டிக்கெட் பரிசோதகர் இரண்டு தடவை கேட்டார்.

கிரீஸ் கறையை அப்பாவிடம் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். காபியைக் குடித்து முடித்தார், எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் வடக்குப் புல்வெளியின் நடுவேலியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். கேட்டால் மாடு தாராளமாக மேயட்டும் என்றார். அதற்கடுத்த நாளிலிருந்து அந்த முழங்காலோடு கல் பொறுக்குகிறார், பள்ளத்தை மண் போட்டு மூடுகிறார், நீளத்தைக் காலடியால் அளக்கிறார். நேற்று அவருடைய பழைய வெள்ளைச் சட்டையைக் கோலில் கட்டி வயல் கோடியில் நட்டுவைத்தார். அது காற்றில் எந்தப் பக்கம் பறக்கிறது என்று நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். மாட்டுக்கு எதற்கடி காற்றுத் திசை? நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் கேட்காதே, பாவம் வெட்கப்படுவார்.

பனி விழுவதற்குள் வா, சிக்னே. ராஸ்கோவையும் கூட்டி வா, அவனுக்குக் ரை மாவு ரொட்டியும் காபியும் என் கையால் கொடுக்க வேண்டும். வருகிறவள் மேலேயே நாலு சுற்றுச் சுற்றிக் கையசைத்துவிட்டுப் போய்விடாதே, மகளே. இறங்கு. உன் அப்பா தயார் செய்த இடத்தில் இறங்கு.

கர்த்தர் உன்னைத் தரையிலும் வானத்திலும் காப்பாராக.

உன்னைப் பெற்ற அம்மா,
ஹில்மா