சீல் வைத்த பம்பும் பதினைந்து சீட்டும்

12-10-89, வியாழன்
காலையில் தூறல். வாடை தொடங்கிவிட்டது. டீச்சருக்குக் காய்ச்சல், மு.க. வகுப்பு இல்லை. (முதியோர் கல்வி. சுருக்கி எழுதினால் கை வலிப்பதில்லை.)

மகன் ஏகாம்பரம் ஊர் லாரியோடு தாமதமாக வந்தான். பட்டணத்தில் மீன் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, புகை அதிகம் என்று நிறுத்தினார்களாம். கையில் ஒரு காகிதம். நான் படிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கால் மணி ஆனது. பதினைந்து நாளில் புகையைச் சரிசெய்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நகருக்குள் வரக்கூடாது.

அரசாங்கக் காகிதத்தை நானே படித்தேன்! கெட்ட சேதிதான். ஆனாலும் சிரித்துவிட்டேன்.

"வண்டியே பூடும்ன்றான், நீ பல்ல காட்டுற" என்றாள் என் மனைவி ராஜம்மா. சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு முறை படித்தேன்.

14-10-89, சனி
பொன்னேரி ஒர்க்ஷாப். ஏகா.வோடு நானும். மாற்றியவை:
நாசில் - 4
பிஸ்டன் ரிங்
ஏர் பில்டர் (உள்ளே கிளிஞ்சல் தூசி, ஒரு படி இருக்கும்)

டீசல் பம்பில் ஒரு திருகைக் குறைத்து, கம்பி கோத்து ஈயச் சீல் வைத்தார் மெக்கானிக். டீசல் குறைந்தால் புகை குறையும், இழுவையும் குறையும் என்றார். பழைய பாரம் ஏற்றக்கூடாது. சீலை உடைத்தால் அடுத்த சோதனையில் வண்டியைப் பிடித்துவைத்துவிடுவார்கள்.

வழியெல்லாம் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன்.

17-10-89, செவ்வாய்
சோதனையில் வண்டி தேறியது. ஆனால் இன்று முழுப் பாரத்தோடு பாலத்தில் ஏறவில்லை. ஐந்து வீட்டுக் கூடைகளை வழியில் இறக்கிவிட்டுப் போனான்.

ஊரில் லாரிக்குப் பங்கு உள்ள வீடு பதினைந்து. இனி பத்து வீட்டுக் கூடைதான் ஏறும். எந்த ஐந்து நிற்பது? மழை வந்துவிட்டது, இறால் முகத்துவாரத்துக்கு இறங்கும் வாரம் இது. இந்த வாரம் நிற்பவனுக்கு வருஷமே போன மாதிரி.

ஏகா. மெதுவாகச் சொன்னான்: "ஒரே ஒரு திருகு, நைனா. பழைய மாரி இழுக்கும்."

வேண்டாம் என்றேன். வண்டி போனால் பதினைந்து வீடும் கரையில்தான்.

18-10-89, புதன்
ஊர்க்கூட்டம். மீன்பிடிக்கும் இடத்துக்குப் பாடு முறை உண்டே, குலுக்கி முறைவைத்துப் போகிறோமே, லாரிக்கும் அப்படியே செய்யலாம் என்றேன். வாரம் ஐந்து வீடு நிற்கட்டும். ஒப்புக்கொண்டார்கள்.

சீட்டு நானே எழுதுகிறேன் என்றேன். பதினைந்து பெயர். 'கண்ணியம்மாள்' எழுதத்தான் நேரம் பிடித்தது. சட்டியில் போட்டு நானே குலுக்கினேன், நானே ஐந்தை எடுத்தேன், நானே உரக்கப் படித்தேன். கண்ணியம்மாளும் வேறு நால்வரும் நிற்க வேண்டும். எங்கள் வீடு வரவில்லை.

சீட்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எழுத்து அழகாக வந்திருந்தது, டீச்சரிடம் காட்ட.

19-10-89, வியாழன்
கனமழை.

கண்ணியம்மாள் வந்தாள். கணவன் போனபின் கரையில் இறால் வாங்கி அனுப்பித்தான் பிழைக்கிறாள். வாசலில் நின்றபடியே கேட்டாள்: "எழுதுனதும் நீ, எடுத்ததும் நீ, படிச்சதும் நீ. உன் பேரு சட்டில இருந்துச்சா மாமா?"

இருந்தது என்றேன். காட்டு என்றாள். சட்டையைத் தேடினால் கொடியில் நனைந்து தொங்குகிறது. பையில் நீல நிறக் கூழ்.

அவள் கத்தவில்லை. போய்விட்டாள். அதுதான் குத்துகிறது.

மாலைக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. கிழவன் படித்தது ஊரை ஏய்க்கத்தான் என்கிறார்களாம். சீலை உடை, எல்லோரும் போவோம் என்று நாலு பேர் ஏகா.வைச் சூழ்ந்துகொண்டார்கள். அவன் ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டான். நான் பானட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன், மழையில். நாளை மறுபடி குலுக்குகிறோம், அப்போதும் ஒப்பவில்லை என்றால் உடை என்றேன்.

பிழை என்னுடையது. மூன்றையும் ஒருவன் செய்யலாமா? எழுத்து வந்த சந்தோஷத்தில் கண் தெரியவில்லை.

20-10-89, வெள்ளி
மழை விட்டது. விடிந்ததும் கரையில் கூடினார்கள். காகிதம் கொண்டுபோகவில்லை. ஒவ்வொரு வீடும் தன் வலை மிதப்புக் கட்டை ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் அவரவர் வெட்டிய குறி இருக்கும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சட்டியில் போடும்போது எல்லோரும் எண்ணினார்கள். எடுக்கச் சொல்லிக் கண்ணியம்மாளையே கூப்பிட்டேன்.

முதல் கட்டை, அவளுடையதே. யாரோ சிரித்தார்கள். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மணலில் வைத்தாள். பிறகு மூன்று. ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இரண்டு கோடு, ஒரு புள்ளி. எங்கள் வீடு.

ராஜம்மா எழுந்து போய்விட்டாள். எங்கள் படகில் ஆறு கூடை இறால், இந்த வருஷத்திலேயே பெரியது.

ஏகா. ஸ்பானரை டிரைவர் இருக்கைக்கு அடியில் போட்டான். பத்து வீட்டுக் கூடை ஏறியது. சொந்த வீட்டுக் கூடையைத் தொடாமல் வண்டியைக் கிளப்பினான். பின்னால் புகை இல்லை.

கண்ணியம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். "எறா காயப்போட உப்பு என்னாண்ட ரெண்டு படிதான் கீது. உன் வூட்ல?"

எங்களிடம் ஒரு படி. வெயில் வருமா என்று இரண்டு பேரும் மேலே பார்த்தோம். கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது.