ஜானு வைத்த பார்க்

மேற்கு மாம்பலம்,
புதன்கிழமை

அன்புள்ள ஜானு அப்பாவுக்கு,

நமஸ்காரம். நானும் ஜானுவும் சௌக்கியம். எதிர் ஃபிளாட் ஸ்ரீநாத் நாளைக்கு மஸ்கட் திரும்புகிறான். அவனிடம் பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். போனிலேயே பேசலாமே என்பீர்கள். எனக்குக் கோபம் வந்தால் உங்களுக்குச் சிக்னல் போய்விடுகிறது. காகிதத்துக்கு அந்தச் சௌகரியம் கிடையாது, முழுதும் படித்துத்தான் ஆகவேண்டும்.

நேற்று போனில், வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பார்க்கைக் கொலுவிலிருந்து எடுத்துவிடு என்றீர்கள். எடுக்க மாட்டேன். உங்கள் அக்கா உங்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறார். மீதியை நான் சொல்கிறேன்.

இந்த வருஷம் கொலுப்படிக்குக் கீழே பார்க் வைக்கும் வேலையை ஜானுவிடம் விட்டேன். வடக்கு மாட வீதிப் பொம்மைக் கடையில் கிரிக்கெட் செட் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, வேண்டாம், நம் தெருவையே வைக்கிறேன் என்றாள். வைத்தும்விட்டாள். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிப் போட்ட பள்ளம், அதைத் தாண்ட ஒரு பலகை, பலகை மேல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழ்வீட்டு மாமி. பள்ளத்துத் தண்ணீருக்கு, போன வருஷம் தாம்பூலத்தில் வந்த நீல ரவிக்கைத் துணி. மாமியே வந்து பார்த்துவிட்டு, என் மூக்குத்தி எங்கேடி என்று அவளைக் கேட்டார். இரண்டாம் தரமும் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

நம் வீடும் அதில் உண்டு. களிமண்ணில் நான் கரண்டியோடு நிற்கிறேன். என்னைக் கொஞ்சம் குண்டாகத்தான் செய்திருக்கிறாள், போகட்டும். பக்கத்தில் அவள். எங்கள் முன்னால் ஊறுகாய் ஜாடி, அதில் சாய்த்து வைத்த ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டிக்குள் மார்பு வரை நீங்கள். கண்ணாடியும் மீசையும் அச்சாக நீங்களேதான். எங்கள் உயரத்துக்கு அது கொஞ்சம் பெரிய போன்தான்.

சாப்பாட்டு வேளையில் அப்படித்தானே எங்களோடு இருக்கிறீர்கள்? பார்த்ததைச் செய்திருக்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ரத்னா அக்காவுக்குத் தாங்காதது வேறு. அவர் பெண் லாவண்யாவுக்குப் பார்த்திருக்கும் சம்பந்தி வீட்டார் வெள்ளிக்கிழமை நம் ஆத்துக்குத் தாம்பூலத்துக்கு வருகிறார்களாம். "புருஷன் பக்கத்துல இல்லேன்னு பொம்மை வெச்சு ஊருக்குச் சொல்லணுமாடி?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. தீப்பெட்டியை எடுத்துக் கடைசிப் படிக்குப் பின்னால் தள்ளிவிட்டார். கலசம் வைத்த கொலுவை விஜயதசமி வரை அசைக்கக் கூடாது என்று வருஷா வருஷம் எனக்குப் பாடம் எடுப்பவர் அவர்தான்!

ஜானு அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. மீதிக் களிமண்ணைக் குப்பைக் கூடையில் போட்டாள். இனிமேல் எதுவும் செய்ய மாட்டேன், கடையிலேயே வாங்கிவிடு என்றாள். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அபாகஸ், செஸ், கீபோர்டு என்று ஓடி ஓடிச் சேர்த்தோம், எதிலும் அவள் மனசு ஒட்டவில்லை. தானாக அவள் கைக்கு வந்தது இது ஒன்று. எட்டு வயதில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், அப்புறம் எந்த வகுப்பில் சேர்த்து அதை மீட்பீர்கள்?

தீப்பெட்டியை எடுத்துத் துடைத்து ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டேன். களிமண்ணையும் கூடையிலிருந்து எடுத்து ஈரத்துணி சுற்றி வைத்தேன். சம்பந்தி மாமி கேட்டால் நானே சொல்வேன், இது என் பெண் செய்தது, இவர்தான் என் ஆத்துக்காரர், மஸ்கட்டிலிருந்து எங்களோடு சாப்பிடுகிறார் என்று. இதற்காக முறிகிற சம்பந்தம் என்றால் லாவண்யா தப்பித்தாள் என்று அர்த்தம். அக்காவிடமும் இதையே சொல்லிவிட்டேன். இன்னும் என்னோடு பேசவில்லை.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் கொலுவைப் பார்த்தாள். பையைக்கூடக் கழற்றாமல் களிமண்ணை எடுத்து இரண்டு கால்களை உருட்ட ஆரம்பித்தாள். யாருக்கு என்றேன். அப்பாவுக்கு, வந்தால் பலகையில் நடக்க வேண்டாமா என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அடுக்களைக்கு வந்து நின்றாள்.

"அம்மா, அப்பா எவ்ளோ உயரம்? மறந்துடுத்து."

எனக்குத் தெரியாதா என்ன? சொல்ல மனசு வரவில்லை. அப்பாவே வந்து நிற்பார், அளந்துகொள் என்றேன்.

லீவு கொடுக்க மாட்டார்கள் என்று போன தீபாவளிக்கும் சொன்னீர்கள். இந்தத் தடவை கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள், பகவான் உங்களை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். கால்கள் இரண்டும் எவ்வளவு நீளம் என்று தெரியாமல் ஈரத்துணிக்குள் இருக்கின்றன. காய்ந்துபோகாமல் துணியை நான் நனைத்துக்கொண்டே இருப்பேன். நீங்கள் வந்து நில்லுங்கள்.

உங்கள்
ஸ்ரீரஞ்சனி