உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு ஸ்டாண்டு

இன்று காலை பழுதுக்கு வந்த டிரிப் ஸ்டாண்டைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று சுற்றவே இல்லை. அச்சு முழுக்க முடி. பிளேடால் கீறி, ஊசியால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கருப்பு முடி, நரைத்த முடி, மருதாணி போட்டுச் சிவந்த முடி, நடுநடுவே பஞ்சு நூல். பினாயிலும் தேங்காயெண்ணெயும் கலந்த ஒரு வாசனை. பெண்கள் வார்டிலிருந்து வரும் சக்கரம் எல்லாவற்றிலும் இந்த வாசனை இருக்கும்.

நீ பக்கத்தில் இருந்திருந்தால் சும்மா இருந்திருக்க மாட்டாய். "இந்தச் செவப்பு முடி கீதே, இது மருமவகிட்ட கோச்சிகினு வந்து பட்த்துகிச்சு. டாக்டரு வூட்டுக்குப் போன்னு சொல்லியும் போவல" என்று ஒவ்வொரு முடிக்கும் ஒரு கதை கட்டியிருப்பாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பேன். இன்று முடியைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் எனக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஆஸ்பத்திரிச் சாமான் செய்யும் நம் பட்டறையில் எதுவும் மாறவில்லை. எதிர்ச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் அதேபோல வரிசையில் நிற்கின்றன. மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்று அடித்தால் வெல்டர் மாமு வேலையை நிறுத்தாமலே மூக்கை மட்டும் துணியால் கட்டிக்கொள்கிறார். நீ உட்காரும் முக்காலியில் இப்போது நட்டுப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். யாரும் யோசித்துச் செய்ததில்லை. இடம் காலியாக இருந்தது, வைத்தார்கள்.

நான் பத்தாவதோடு நின்றதற்கு எல்லாரிடமும் வீட்டுக் கஷ்டம் என்றுதான் சொல்லியிருந்தேன். உன்னிடம் மட்டும்தான் உண்மையைச் சொன்னேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுந்து நிற்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. வகுப்பே திரும்பிப் பார்க்கும். அதற்குப் பயந்தே பதினொன்றாவதில் சேரவில்லை. நீ அதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. பைப் அறுக்கிற மெஷினைக் காட்டினாய். "இங்க கத்துறதுக்கு அது கீது. நீ கம்முனு இரு, நான் பேசிக்கிறேன்" என்றாய். அப்படியேதான் நடந்தது. எனக்கு டீ சொன்னதும், முதலாளியிடம் லீவு கேட்டதும், பஸ்ஸில் இடித்தவனைத் திட்டியதும் நீதான். என் பேச்சையெல்லாம் நீ பேசிக்கொண்டிருந்தாய்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. விட்டது, மறுபடி வந்தது. ரத்தத்தில் ஏதோ என்றார்கள். ராயபுரத்துப் பக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று உன் அம்மா போன் செய்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை கல்மண்டபம் ஸ்டாப்பில் இறங்கி, விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்தேன். விசாரிப்பதே எனக்குப் பெரிய வேலை. உன் கட்டிலருகே வந்து நின்றபோது உன்னைப் பார்ப்பதற்கு முன் அந்த ஸ்டாண்டைத்தான் பார்த்தேன். அதன் காலில் நம் பட்டறையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"பாத்தியா? நம்ம மாலு. நீ முடுக்குன வீலு, ஒண்ணாவது ஒழுங்கா ஓடுதா பாரு" என்றாய்.

உன் கை ஊசியும் பிளாஸ்டருமாக இருந்தது. தலையணையில் முடி கொட்டிக் கிடந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "எல்லாம் வீல்லதான் போய் மாட்டுது. என் முடிதான் அதுக்கு பிரேக்கு" என்றாய். எனக்கு அழுகை வந்தது. நீ உடனே பேச்சை மாற்றி, அந்த ஸ்டாண்டைத் திட்ட ஆரம்பித்தாய்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் உன்னிடம் ஒரு புகார் இருக்கும். மருந்து ஏற்றும் பம்பை உச்சியில் மாட்டுகிறார்கள், தலை கனத்து ஆடுகிறது. போதாததற்குச் சாப்பாட்டுப் பை, துண்டு, எக்ஸ்ரே கவர், பக்கத்துக் கட்டில் அம்மா கொடுத்த மாதா படம் எல்லாம் அதன் கொக்கியில்தான் தொங்குகின்றன. "மாட்டாதன்னா கேக்க மாட்டாங்க. மாட்டட்டும். ஆனா கீழ மாட்ற மாதிரி ஒரு கொக்கி வெச்சுடு" என்றாய். நான் தலையாட்டினேன். என்னவோ நான்தான் அந்தப் பட்டறையின் முதலாளி என்பதுபோலச் சொல்வாய்.

எல்லாப் புகாரும் கடைசியில் பாத்ரூமில் போய் முடியும். வார்டு பாத்ரூமுக்கு ஒரு வாசற்படி இருந்தது. நம் சின்னச் சக்கரம் அதில் முட்டிக்கொண்டு நிற்கும். ஊசி ஏறிய கையோடு உன்னால் தூக்க முடியாது. யாராவது தூக்கிக் கொடுத்தாலும், உள்ளே அதன் கால்கள் பரப்பிக்கொண்டு நிற்பதால் கதவு சாத்தாது. பாதி திறந்த கதவுக்கு வெளியே ஆயாவோ, பக்கத்துக் கட்டிலுக்குத் துணை வந்தவரோ முதுகைக் காட்டி நிற்பார்கள். உன் அம்மா மிளகாய்க் கிடங்கில் வேலை முடிந்து பொழுது சாய்ந்துதான் வருவார். பகல் முழுக்க நீ யாரையாவது கூப்பிட வேண்டும்.

நீ, யாரையும் கேட்டுப் பழகாதவள். பட்டறையில் எனக்காகக் கூட அதட்டித்தான் கேட்பாய், கெஞ்ச மாட்டாய்.

ஒரு ஞாயிறு நான் வந்தபோது சிஸ்டர் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தார். "இவ்ளோ மருந்து ஏத்தறோம், தண்ணி குடிக்கலைன்னா கிட்னி என்னத்துக்கு ஆகும்? வெச்ச பாட்டில் வெச்ச மாதிரியே இருக்கு." நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். அவர் போனதும் என்னிடம் மெல்லச் சொன்னாய்: "தண்ணி குட்ச்சா ஒண்ணுக்கு வருது. வந்தா எவளையாவது கூப்டணும். ஒவ்வொரு தபாவும் கெஞ்ச முடியலடி. ஒரே ஒரு தபா நானே போயி கதவ சாத்திக்கணும். அவ்ளோதான் எனக்கு."

எழுந்து போய் அந்தப் பாத்ரூம் கதவருகே நின்றேன். அளவு நாடா கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தாலும் அத்தனை பேர் பார்க்க அதை எடுத்து நீட்டியிருக்க மாட்டேன். துப்பட்டாவைக் கதவின் குறுக்கே பிடித்து ஒரு முடிச்சுப் போட்டேன். படியின் உயரத்துக்கு ஒன்று. கதவு உள்ளே திரும்பிச் சாத்த வேண்டிய இடத்துக்கு ஒன்று. அவிழ்ந்துவிடுமோ என்று பஸ் முழுக்கப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் மாமு அதைப் பார்த்து, "இன்னாமா, இத்தினி முடிச்சு? எந்தச் சாமிக்கு வேண்டுதலு?" என்றார். நான் சொன்னேன். உன்னைப் பற்றி என்பதால் சொல்ல வந்தது. அவர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுதும் கேட்டார். "அந்த வாயாடிக்கா? செஞ்சிடலாம்" என்றார்.

பெரிய சக்கரம் போட்டோம். அடிப்பாகத்தைக் குறுக்கினோம். குறுக்கினால் சாய்ந்துவிடும் என்பதால் அடியில் கனமான இரும்புத் தட்டு வைத்தார் மாமு. பம்பு மருந்தைத் தானே தள்ளுகிறது, அது உச்சியில் இருக்க வேண்டியதில்லை என்று இடுப்புயரத்துக்கு இறக்கினோம். பை மாட்ட அதற்கும் கீழே ஒரு கொக்கி. முதலாளி வந்து சுற்றிப் பார்த்தார். தூத்துக்குடிப் பேச்சு அவருக்கு இன்னும் போகவில்லை. "ஏ பிள்ள, என்னது இது? இதுல தக்காளி விக்கப் போறியளா?" என்றார். மாமுதான் உன் பெயரைச் சொன்னார். முதலாளி அதை ஒருமுறை உருட்டிப் பார்த்தார். "சரி, டிரையல் பீஸுன்னு எழுதிக் குடுத்து உள்ள கொண்டு போங்க" என்றார்.

பட்டறைத் தரையில் அது வெண்ணெயாக ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பாத்ரூம் தரை பட்டறைத் தரை இல்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு வார்டில் நீ அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாய், நான் பின்னால் வந்தேன். சக்கரம் படியை ஏறித் தாண்டியது. நீ என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாய். உள்ளே போய்க் கையை எடுத்தவுடன் ஸ்டாண்டு தானாகக் கிளம்பிவிட்டது. தண்ணீர் வடிவதற்காகத் தரை சரிவாகப் போட்டிருக்கிறார்கள். அது ஜலதாரைப் பக்கம் ஓட, டியூப் இழுக்க, உன் கைப் பிளாஸ்டர் பிய்ந்து ரத்தம் வந்தது. நான் பாய்ந்து பிடித்தேன். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அதுக்கு என்னவிட அவசரம்டி!"

பம்பைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்று சிஸ்டரும் தன் பங்குக்குச் சொன்னார். "எனக்கும் இடுப்புன்னு ஒண்ணு இருக்கு. பம்போட முகத்த மேல பாத்த மாதிரி சாய்ச்சு வைங்க." அது நியாயம்தான். ஆனால் பிரேக்குக்குத்தான் வழி தெரியவில்லை. பழைய ஸ்டாண்டில் சக்கரத்தின் மேல் இருக்கும் கட்டையைக் காலால் மிதிக்க வேண்டும். வெறுங்கால், ஈரத் தரை, உன் காலில் பலமும் இல்லை.

"குனிய முடியாது, மிதிக்க முடியாது. ஒரு கையிதான் எனக்கு" என்று நீ கண்ணை மூடி யோசித்தாய். "புடிச்சா வரணும். வுட்டா நிக்கணும். நாயி மாதிரி."

"எங்க தெரு நாய் புடிச்சாலும் வராது, வுட்டாலும் நிக்காது" என்றேன்.

நீ கண்ணைத் திறந்து பார்த்தாய். "ஏ, இது ஜோக்கு சொல்லுது!" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாய்.

மாமு தன் சைக்கிள் பிரேக் பிடியைக் கழற்றித் தந்தார். பிடியை அழுத்தினால் சக்கரம் விடுபடும். விட்டால் ஸ்பிரிங் ஒரு பல்லைத் தள்ளிச் சக்கரத்தின் பள்ளத்தில் பூட்டிவிடும். இந்தத் தடவை பட்டறைப் பாத்ரூமில் தண்ணீர் ஊற்றி, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நானே ஓட்டிப் பார்த்தேன். பாலிஷ் போடுகிற பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

அந்த ஞாயிறு நீ ரொம்ப மெலிந்திருந்தாய். தலையில் துணி கட்டியிருந்தாய். எழுந்து உட்காரவே நேரமானது. ஆனால் பிடியை அழுத்தி நீயே தள்ளிக்கொண்டு போனாய். படி தாண்டியது. கையை எடுத்தாய், ஸ்டாண்டு நின்றது. கதவைச் சாத்தினாய். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

நான் வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து, "நீ அங்கியா நிக்கிற?" என்று கேட்டாய்.

"ஆமா."

"அப்ப நான் எங்க தனியா வந்தேன்? போ. அந்த ஜன்னலாண்ட போயி நில்லு."

எனக்குப் பயமாக இருந்தது. நீ விழுந்துவிட்டால்? ஆனாலும் போனேன். ஜன்னலில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு, காதை மட்டும் உன் பக்கம் வைத்திருந்தேன். நீ சீக்கிரம் வரவில்லை. சிஸ்டர் கதவைத் தட்டப் போனார். "இன்னும் கொஞ்ச நேரம் சிஸ்டர். ஒண்ணுமில்ல, சும்மாதான் குந்திகினு கீறேன்" என்று உன் குரல் கேட்டது. உள்ளே என்ன செய்தாய் என்று நான் அப்புறமும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாய். கட்டிலில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது தண்ணீர்தான். பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்தாய்.

அதற்குப் பிறகு உனக்கு நடக்க அதிக நாள் கிடைக்கவில்லை. கடைசியில் பார்த்தபோது அந்த ஸ்டாண்டு எதிர்க் கட்டில் அம்மாவிடம் இருந்தது. அவர் தள்ளிக்கொண்டு போவதை நீ படுத்தபடியே பார்த்தாய். கதவு சாத்தியதும் என் விரலை அழுத்தினாய். "பாரு, ஒருத்தரையும் கூப்டல" என்றாய். அடுத்த ஞாயிறுக்கு முன்பே உன் அம்மாவிடமிருந்து போன் வந்துவிட்டது.

வியாசர்பாடிக்கு வந்தேன். உன் வீட்டில் கூட்டம். நீ இல்லாமல் யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். இன்றைக்கும் நிறைய நாள் அப்படித்தான் போகிறது. டீ வந்தால் எனக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை, இனிக்க இனிக்கக் குடித்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த ஸ்டாண்டை மாதிரியாக வைத்து முதலாளி இப்போது வரிசையாகப் போடுகிறார். உன் வார்டுக்கும் சில போயிருக்கின்றன. அவற்றுக்குப் பிரேக் சரிபார்க்க என்னைத்தான் அனுப்புகிறார். முதல் முறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். இப்போது போகிறேன்.

போன வாரம் போனபோது ஒரு ஸ்டாண்டு கணக்கில் குறைந்தது. பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. அங்கே புதிதாக ஒரு ஆயா. "உள்ளதான் கீது. ரொம்ப நேரமா உள்ளயே குந்திகினு கீது அந்தப் பொண்ணு. இரு, தட்டி வரச் சொல்றேன்" என்று கையை ஓங்கிக்கொண்டு போனார்.

"வேணாம்" என்றேன்.

வார்டில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கதவிலிருந்து தள்ளி ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டு, "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, ஆயா. மெதுவா வரட்டும்" என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன், உள்ளே இருப்பவளுக்குக் கேட்கட்டும் என்று.