கோடு ஓடிய வளையல்

ஐப்பசி 18, புதன்.

ஸ்கேனுக்குப் போகும்போதெல்லாம் தங்க வளையலைக் கழற்றச் சொல்கிறார்கள். வெறுங்கையோடு படுக்க என் மனைவி சரசுவுக்கு மனசு வரவில்லை. அதனால்தான் போன மாதம் இருவரும் போனில் ஜேட் என்கிற பச்சைக் கல்லில் செய்த வளையல் தேடினோம். அவளுக்குப் பிடித்த வளையலில் பச்சைக்குள் வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. கோடு விழுந்த கல் உடம்புக்கு முடியாதவர்களுக்கு ஆகாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஒரே சீரான பச்சையில் வேறொன்றை வாங்கினேன்.

போட்டதும் சூடாகிவிடுகிறது என்று நேற்று அவள் சொன்னது மனதை உறுத்தியது. பாலீஷ் போட்டு வருவதாகச் சொல்லி, இன்று ராசிபுரத்தில் ஒரு நகைக்கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"கண்ணாடிங்க. உள்ள குமிழி தெரியுது பாருங்க. அசல் கல்லுன்னா கோடோ மேகமாட்டம் திட்டோ கொஞ்சமாச்சும் இருக்குமுங்க."

வீட்டுக்கு வந்து வளையலை அவள் கையில் மாட்டினேன். முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது.

"கண்ணாடின்னு சொன்னாங்களாங்க?" என்றாள்.

"உனக்குத் தெரியுமா புள்ள?"

"வந்த அன்னைக்கே தெரியுமுங்க. கல்லுன்னா தொட்டா ஜில்லுன்னு இருக்கோணும்."

"அப்பவே சொல்லியிருந்தா திருப்பி அனுப்பியிருக்கலாமே."

"கோடில்லாததப் போட்டா எனக்கு நல்லாயிரும்னு நம்புனீங்க. அதக் கெடுக்க வேண்டாம்னு உட்டுட்டனுங்க."

வெள்ளிக்கிழமை மறுபடியும் ஸ்கேன். இதையே போட்டுக்கொண்டு வருகிறாளாம்.