வாளிக்குள் இருந்த குளம்

ஆம்பல் நிலையம், செவ்வாய்
நீர்ப் பொறுப்பாளர் பதிவேடு

நாள் 1, காலை 07:10

பி.எச். 7.6. உப்பு பூஜ்யம். நீர் மட்டம் 2.40 மீட்டர், விளிம்பு வரைக்கும். கசிவு இல்லை.

இதைக் கண்டெடுத்துப் படிக்கப் போகிற புண்ணியவானே, என் பெயர் பக்கிரிசாமி. ஊர் வேதாரண்யம். படிப்பு எட்டாம் வகுப்பில் பாதி. மீதிப் பாதியை வாத்தியாரே என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். இதுவரை பதினேழு நீச்சல் குளங்களைப் பார்த்துக்கொண்டவன். மாமல்லபுரத்து ஓட்டலில் என் தண்ணீரில் இறங்கிய வெளிநாட்டு இளவரசர் ஒருவர், கரையேற மாட்டேன் என்று அழுது அடம்பிடித்தார். அது பத்திரிகையில் வரவில்லை. நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே யந்திரங்கள் மூன்று வருடம் தரையடிப் பனியை உருக்கிச் சேர்த்த தண்ணீர் முழுக்க இந்தக் குளத்தில்தான். நாற்பத்தைந்தாம் நாள் ஒன்பது பேர் வந்து இறங்குகிறார்கள். ஏழு மாதம் மிதந்தே வந்த கால்களை இதில் நடக்கவிட்டுத்தான் தேற்ற வேண்டும். குடிக்க இதைத்தான் வடிக்க வேண்டும். மூச்சுக்காற்றும் இதைப் பிரித்துத்தான். எனக்கு மட்டும் அறுபது நாள் காற்று தொட்டியில் தனியாக இருக்கிறது. அதனால்தான் ஒற்றை ஆளை முன்னால் அனுப்பினார்கள்.

அந்த ஒற்றை ஆள் யார் என்று முப்பது பட்டதாரிகள் வரிசையில் நின்றபோது, "என் மாமாதான்" என்று சொன்னவள் தமயந்தி. என் அக்கா மகள். வருகிற கப்பலுக்கு அவள்தான் தலைவி.

நாள் 3, காலை 06:00

உப்பு 3200 பி.பி.எம். ஆமாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

குறிப்புப் புத்தகம் சொல்வது: சிமெண்டுப் பூச்சு புதிது, இருபத்தெட்டு நாள் இறுகட்டும், பிறகுதான் உப்பு. புத்தகம் எழுதியவன் எந்த ஊரோ. எங்கள் பக்கம் புது வீட்டுக்குள் முதலில் போவது உப்பு. அடுப்பு, பாய், பெட்டி எல்லாம் அதற்குப் பின்னால். மனிதன் முதன்முதலாகக் குடிவருகிற வீட்டில் உப்பைக் கடைசியில் வைப்பதா?

ஒரு கைப்பிடிதான் போட நினைத்தேன். உப்பளத்துக்காரன் மகன் ஒரு கைப்பிடியோடு நிறுத்தினால் நன்றாகவா இருக்கும்? இங்கத்து மண்ணிலிருந்து பிரித்தெடுத்த உப்பு, முப்பத்தெட்டு மூட்டை. கைக்கு இரண்டாகத் தூக்கினேன். இங்கே எடை குறைவு என்பார்கள். குறையாவிட்டாலும் தூக்கியிருப்பேன்.

இந்த உப்புத் தண்ணீரில் கரண்டு பாய்ந்தால் குளோரின் தானாக ஊறும். பூமியிலிருந்து மருந்து டப்பா டப்பாவாகக் கொண்டுவர வேண்டாம். தமயந்தி வந்து பார்க்கும்போது எல்லாம் தயார்.

நாள் 9, மாலை 16:20

பி.எச். 8.3. சுவரைத் தடவினால் கையில் வெள்ளை மாவு.

கப்பலிலிருந்து வந்த செய்தி. பேசியது பிலவேந்திரன், கப்பல் ஓட்டுகிற பையன்:
"பக்கிரி அண்ணே, தண்ணி எப்படி? குளிக்கலாமா, இல்ல ரசம்தான் வைக்கணுமா?"

நான் அனுப்பியது:
"டேய், இளநீர்டா இது. இறங்கினா பத்து வயசு குறையும். நீ ஜாக்கிரதையா இறங்கு, தொட்டில்ல போட வேண்டியதாயிடும்."

கப்பலே சிரித்தது. தமயந்தியின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

நாள் 14, காலை 09:45

பி.எச். 8.6. இறுகாத பூச்சை உப்பு அரிக்கிறது. பூச்சிலிருந்து சுண்ணாம்பு கரைந்து தண்ணீரில் காரம் ஏறுகிறது. ஏறினால், குளத்தில் தொங்குகிற அளவுகோலைப் பார்த்து யந்திரம் தானாக அமிலத்தை விடும். அமிலம் பட்ட இடமெல்லாம் சுவர் சோடாவைப் போல நுரைக்கிறது. அதாவது, மருந்தே நோயாளியைத் தின்கிறது.

யோசித்தேன். என் மூளைக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. ஒரு வாளியில் தண்ணீரைச் சரியாகக் கலந்தேன்: பி.எச். 7.4, உப்பு 3200. அளவுகோலைக் குளத்திலிருந்து எடுத்து வாளியில் தொங்கவிட்டேன். அமிலம் நின்றது. அலாரமும் அடங்கியது. கப்பலுக்குப் போகிற அளவும் அழகாகப் போகிறது.

சுவர் தேறுகிற வரைக்கும்தான். நாலு நாள்.

நாள் 22, காலை 08:00

வாளி: பி.எச். 7.4. குளம்: 8.9.

கரண்டு பாய்கிற குளோரின் பெட்டியின் தகடுகளில் சுண்ணாம்பு இட்லி கனத்துக்குப் படிந்துவிட்டது. குளோரின் ஊறவில்லை. அவசரத்துக்கு வைத்திருந்த குளோரின் தூள் ஆறு டப்பாவையும் கையாலேயே கொட்டினேன்.

நீர் மட்டம் 2.31. அறிக்கையில் 2.40 என்று எழுதினேன். ஒன்பது சென்டிமீட்டர்தானே.

நாள் 31, காலை 08:15

நீர் மட்டம் 1.55. தரையில் பூச்சே இல்லை, சரளை பல்லைக் காட்டுகிறது. நடுவில் வடக்குத் தெற்காக ஒரு வெடிப்பு. அதில் பிசின் அடைத்தேன். பக்கத்தில் இன்னொன்று விட்டது. பாயை மடித்து அடைத்தேன். என் வேட்டியைக் கிழித்து அடைத்தேன். கீழே இருப்பது கோடிக்கணக்கான வருடம் தண்ணீரே பார்க்காத மண். அது குடிப்பதை நிறுத்தவில்லை.

தமயந்தியின் செய்தி:
"மாமா, இங்க எல்லாரும் உங்க அளவைப் பார்த்து அசந்து போயிட்டாங்க. பதினேழு நாளா ஒரு புள்ளி கூட ஆடல. நான் சொன்னேன்ல, என் மாமா கைராசின்னு."

நான் அனுப்பியது:
"பதினேழா, இருபத்துமூணு குளம் பார்த்த கைம்மா இது."

அனுப்பிவிட்டு வெகுநேரம் வாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நாள் 38, மாலை 15:00

நீர் மட்டம் 0.70.

கணக்குப் போட்டேன். மூன்று தடவை. ஒன்பது பேருக்கு இது பதினோரு நாள் குடிக்கவும் மூச்சுக்கும். அதற்குள் இதுவும் இறங்கிவிடும். மறுபடி நிரப்ப மூன்று வருடம்.

கப்பலுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. நாற்பத்தொன்றாம் நாள் பகல் 12:00 மணிக்குப் போட வேண்டிய எஞ்சினைப் போடாமல் விட்டால் செவ்வாயைச் சுற்றிக்கொண்டு அப்படியே பூமிக்குத் திரும்பலாம். போட்டு வேகத்தைக் குறைத்துவிட்டால் திரும்ப எரிபொருள் கிடையாது. இங்கேதான் இறங்க வேண்டும்.

நாள் 39, காலை 10:30

நான் அனுப்பியது:
"தமயந்தி, மாமா பேசறேன். வராதே. தண்ணி இல்ல. நான் உப்பை மூணாம் நாளே போட்டுட்டேன். பூச்சு போச்சு. நீ பார்க்கற அளவு குளத்துது இல்ல, வாளித் தண்ணியோடது. அமிலம் நிக்கட்டும்னு மாத்தி வெச்சேன். நான் பார்த்தது மொத்தம் நாலு குளம்தாம்மா. அதுல ஒண்ணு பச்சையாப் போச்சு. இளவரசரும் யாரும் இல்ல. திரும்பிப் போயிடு."

நாள் 40, காலை 09:00

தமயந்தி:
"மாமா, பயந்தே போயிட்டேன். அப்புறம் பிலவேந்திரன்தான் சொன்னான், மாமா கதையை ஆரம்பிச்சுட்டாருன்னு. குளத்தையே வாளிக்குள்ள வெச்சுட்டீங்களா? இது இளவரசர் கதையை விட நல்லாருக்கு."

பிலவேந்திரன்:
"அண்ணே, அன்னிக்கு இருபத்துமூணு, இன்னிக்கு நாலு. அடுத்த வாரம் குளமே பார்த்ததில்லம்பீங்க."

இங்கிருந்து படம் அனுப்ப வழியில்லை, குரல்தான். மறுபடி பேசினேன். கெஞ்சினேன். என் அக்கா மேல் சத்தியம் செய்தேன். தமயந்தி சிரிப்பதை நிறுத்தினாள்.

"மாமா, தனியா ரொம்ப நாள் இருந்துட்டீங்க. மனசு இப்படியெல்லாம் போகும்னு டாக்டர் சொல்றார். பூச்சு கரைஞ்சா பி.எச். ஏறணும். இங்க 7.4லயே நிக்குது. நான் எதை நம்பட்டும்? அஞ்சே நாள், வந்துடறேன். நல்லாச் சாப்பிடுங்க."

எதை நம்புவது என்று நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், ஒரு வாளியை வைத்து.

நாள் 41, காலை 10:50

நீர் மட்டம் 0.40. முழங்காலுக்குக் கீழே.

அளவுகோலைக் குளத்தில் போடப் போகிறேன். பத்து நிமிட இடைவெளியில் மூன்று அளவும் மோசமாக வந்தால்தான் யந்திரம் அதை உண்மை என்று ஒப்புக்கொண்டு கப்பலுக்கு அனுப்பும். அது வரைக்கும் அமிலத்தையும் விட்டுக்கொண்டே இருக்கும். மிச்சம் நாற்பது லிட்டர். அமிலக் குழாயை மூடினால் 'பழுது பார்ப்பு' என்று குறித்து எதையும் அனுப்பாது. மூடிப் பார்த்துவிட்டேன்.

ஆறு டப்பா குளோரின் தூள் கலந்த கொஞ்சத் தண்ணீரில் அமிலம் விழுந்தால் என்ன விஷப்புகை கிளம்பும் என்பது எட்டாம் வகுப்பு முடிக்காதவனுக்கும் தெரியும். நான் பார்த்த நாலு குளத்திலும் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

அளவுகோலின் ஒயர் குட்டை. தண்ணீர் நடுவுக்கு ஒதுங்கிவிட்டது. நான் இறங்கி நின்று கையில் பிடித்திருக்க வேண்டும். வெளியே போகிற உடுப்பில் நாற்பது நிமிடக் காற்று இருக்கிறது. போதும்.

ஒன்று நல்லது. குளம் நிறைந்திருந்தால் நாற்பது லிட்டர் அமிலத்துக்குப் பி.எச். கொஞ்சம்தான் இறங்கும். இதில் தலைகீழாக விழும். அந்தக் கணக்கு தமயந்திக்குத் தெரியும். அவள் படித்தவள்.

நாள் 41, பகல் 11:44

பம்பு அறை. கதவிடுக்கில் ஈரத் துணி.

11:05 – பி.எச். 9.1
11:15 – பி.எச். 5.0
11:25 – பி.எச். 2.7

மூன்றும் போய்விட்டது. யந்திரம் பச்சை விளக்கு காட்டியது.

குளத்துக்கு மேலே மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை. படுக்கும் அறை வரைக்கும் போய்விட்டது. காற்றுத் தொட்டியின் குழாய் அந்தப் பக்கம்தான் திறக்கிறது. இந்த அறைக்குக் குழாய் கிடையாது. உடுப்பு காலி. கழற்றும்போது கொஞ்சம் உள்ளே போய்விட்டது. இருமல் நிற்கவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

நாள் 41, பகல் 11:58

தமயந்தி:
"மாமா. கணக்கு போட்டேன். எஞ்சின் போடல. போட மாட்டோம். மாமா, நீங்க எங்க இருக்கீங்க? கதவை அடைச்சுக்கிட்டீங்களா? அடுத்த கலம் கிளம்பவே ரெண்டு வருஷம் ஆகும் மாமா. நான் என்ன பண்ணட்டும்? ஏதாவது சொல்லுங்க. கதையாவது சொல்லுங்க."

நான் அனுப்பியது:
"இங்க ஒரு குறையும் இல்ல. காத்து ஜம்முனு வருது. நீ கிளம்பு."

நம்பினாளா தெரியவில்லை. இதை நம்பட்டும்.

நாள் 41, பகல் 12:40

கண் எரிகிறது. பெரிய எழுத்தாக எழுதுகிறேன்.

வந்து படிக்கிறவருக்கு. கதவைத் திறக்குமுன் முகமூடி போடுங்கள். குளத்தை உடைத்துப் புதிதாகப் பூசுங்கள். இருபத்தெட்டு நாள். ஒரு நாள் கூடக் குறைக்காதீர்கள். உப்பு கடைசியில்.

வாளித் தண்ணீர் மட்டும் கெடாமல் இருக்கும். அதன் அளவு சரிதான்.

நாலு குளம் என்று சொன்னேன் அல்லவா. இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அஞ்சு.