பூஞ்சை கையில் வருவதில்லை

மல்லாட்டைக் கடலையில் தண்ணீர் தெளிக்கச் சொன்னது முதலாளிதான். ஐரோப்பாவுக்குப் போன வேர்க்கடலை கன்டெய்னர் திரும்பி வந்ததற்கு அவர்தான் காரணம். பழி விழுந்தது நம் காலனிப் பெண்களின் கைகள் மேல்.

இது உனக்குத் தெரியாததல்ல. இருந்தும் எழுதுகிறேன். இன்று காலை நம் சிங்கவரம் செட்டில் ஒரு மூட்டையைப் பிரித்தேன். நன்றாகக் காய்ந்த தோலின் வாசம் முகத்தில் அடித்தது. ஈர வாடை துளியும் இல்லை. அதை முகர்ந்து பார்க்க நீ இல்லை.

அப்போது முதலாளியின் செட்டில் நான் பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன். நீ பி.காம். முடித்துவிட்டு ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒரே பஸ்ஸில் போவோம், வருவோம். கடலை ஓட்டை நனைத்து உடைத்தால் பருப்பு பிளக்காது, விரலும் வலிக்காது. நம் வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அதனால் முதலாளி தண்ணீர்க் குடத்தோடு வரச் சொன்னபோது எங்களில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உனக்கு வந்தது. வாங்குகிறவன் அனுப்பிய காகிதத்தை எடுத்துக்கொண்டு போய், "காஞ்சதாத்தான் ஒடைக்கணும்னு போட்டிருக்குது மொதலாளி" என்றாய்.

"அப்ப எடை கொறையும். அத உங்கப்பனா வந்து குடுப்பான்?" என்று கேட்டுவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

கன்டெய்னர் திரும்பிய அன்று எங்களை வரிசையாக நிற்க வைத்தார். "சுத்தம் தெரியாத கைங்க. நாளையிலருந்து காலனி ஆளுங்க யாரும் வேணாம்" என்றார். நாற்பது பெண்களின் வேலை அத்தோடு போனது. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். நீ மட்டும், சரக்கோடு திரும்பி வந்த சோதனைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மேசையிலிருந்து எழுந்து வந்தாய்.

"இதுல பூஞ்சை விஷம்னு எழுதியிருக்குது. அது ஈரத்துல வர்றது. கையில வர்றது இல்ல. இன்னொரு தபா படிக்கட்டுமா?"

"நீயும் கூடவே கெளம்பு."

கிளம்பினாய். வாசல் வரை போய்த் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டாய். "திரும்பி வந்த சரக்கு எங்க போவுது?" அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். போன் அடிக்கவே இல்லை.

அன்று பஸ்ஸில் நான் ஐரோப்பாக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தேன். வேண்டுமென்றே தடுக்கிறான் என்றேன்.

"தடுக்கறான்தான்" என்றாய். "வரியக் கொறச்சிக் கதவத் தொறந்துட்டான். சோதனைன்னு வாசப்படிய ஒசத்தி வச்சிட்டான். ஒப்பந்தம் ஒப்பந்தம்னு டிவியில கை தட்டறவனுங்க வாசப்படியப் பாக்கறது இல்ல. ஆனா பூஞ்சை நெஜம்டி. அவன் புள்ளைக்கு ஆவாதத நம்ம புள்ள மட்டும் எப்டித் துன்னும்?"

இப்போது ஒரு நாடு ஒரே அறிவிப்பில் வரியை ஏற்றுகிறது, இன்னொன்று கையெழுத்துப் போட்டு இறக்குகிறது. செய்தியில் அமைச்சர்கள் வருகிறார்கள், கப்பல்கள் வருகின்றன. குடத்தோடு நின்ற பெண் வருவதில்லை. உலக வணிகத்தின் விதிகளெல்லாம் கடைசியில் அவள் விரலில் வந்துதான் நிறைவேறுகின்றன. தவறினால் தண்டனையும் அவளுக்குத்தான். கடலையில் இந்த விஷம் இவ்வளவுதான் இருக்கலாம் என்று நம் நாட்டிலும் ஒரு விதி உண்டு, அவர்களுடையதைவிடத் தளர்வானது. அதையாவது செஞ்சிக் கடைத்தெருவில் யார் வந்து பார்த்தார்கள்?

வேலை போன பிறகு நீதான் எங்களைக் குழுவாகச் சேர்த்தாய். சிங்கவரத்தில் இந்தச் செட்டைப் பிடித்ததும், மண்ணில் காய வைக்கக் கூடாது, தார்ப்பாய் வேண்டும் என்று சண்டை போட்டதும் நீதான். ஈரப்பத மீட்டர் வாங்கிவந்து ஒவ்வொரு மூட்டையிலும் குத்திப் பார்த்தாய். "டாக்டரம்மா, காய்ச்சல் எவ்ளோ இருக்குது?" என்று குப்பம்மாக்கா கேட்பார். எங்களில் மூத்த உடைப்புக்காரி அவர். "எறங்கலக்கா, இன்னும் ரெண்டு நாள் வெயில்ல போடு" என்பாய்.

முதல் மூட்டையை உடைப்பதற்கு முன்பே திண்டிவனம் சாலையில் ஒரு லாரி உன்னை அடித்துப் போட்டது. அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். நாம் ஜெயித்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜெயித்துவிட்டோம். நம் கடலை போய்ச் சேர்ந்தது, அங்கே சோதனையில் தேறியது. அதே ஐரோப்பா, அதே வாசற்படி, அதே கைகள். போனில் செய்தி வந்ததும் குப்பம்மாக்கா கேட்டார்.

"பாஸா?"

"பாஸுக்கா."

"கையப் பத்தி எதுனா எழுதியிருக்கானா?"

"ஒண்ணும் இல்லக்கா."

அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் டீ சொல்லுடி" என்றார். அடுத்த ஆர்டருக்குத்தான் இன்று காலை மூட்டை பிரித்தோம்.

மதியம் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. முதலாளி. பின்னால் அவருடைய மூட்டைகள்.

"ஏத்துமதிக்குப் போவணும்மா. உங்க ஆளுங்கள வச்சி ஒடைச்சிக் குடுங்க" என்றார். அவர் வாயிலிருந்து 'அம்மா' வந்து இன்றுதான் கேட்டேன்.

"கைய கழுவிட்டு ஒடைக்கணுமா மொதலாளி, இப்டியேவா?" என்றார் குப்பம்மாக்கா. செட்டே சிரித்தது. நீ இருந்திருந்தால் பெஞ்சைத் தட்டிச் சிரித்திருப்பாய்.

உன் மீட்டரை எடுத்து அவருடைய மூட்டையில் குத்தினேன். ஈரம். "காய வச்சி எடுத்துக்கினு வாங்க, ஒடைக்கறோம்" என்றேன். அவர் தலையாட்டினார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நீ அந்த வாசலில் கேட்டுவிட்டுப் போன கேள்வியை நான் இன்றுவரை கீழே வைக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் நீட்டினேன்.

"தண்ணி தெளிக்கச் சொன்னது நீங்கன்னு எழுதுங்க. திரும்பி வந்த சரக்க இந்த ஊர்ல யாருக்கு வித்தீங்கன்னும் எழுதுங்க."

அவர் சாலைப் பக்கம் பார்த்தார். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். இப்போதும் அது அடிக்கவில்லை.

"எழுதுங்க மொதலாளி" என்றேன்.