திருகா, தகடா, கம்பியா

மட்டாஞ்சேரி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஃபிதாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் ஷாபாஸ் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற என் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். போன் எந்நேரமும் உன் அம்மா கையில், அவள் காது என் வாயில். அதனால்தான் ஷார்ஜாவுக்குத் திரும்புகிற நம் பக்கத்து வீட்டு சஜ்ஜாத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உனக்கு மலையாளம்தான் ஓடும், தமிழ் எழுத்து தட்டும், ஆனாலும் நிதானமாக முழுவதும் படி.

மழைக்காலத்தில் படகுத்துறைப் படியில் அம்மா வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தது உனக்குத் தெரியும். சுளுக்கு என்று எண்ணெய் தடவியதும் பிறகு மாவுக்கட்டு போட்டதும் தெரியும். சரியாகிவிட்டது என்று அவள் உன்னிடம் சொன்னது மட்டும் பொய். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் முந்திரிப் பருப்பு மாதிரி ஒரு எலும்பு இருக்கிறதாம், அது இரண்டாக உடைந்து இன்னும் சேரவில்லை. இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து நடுவில் வைத்து இறுக்க வேண்டுமாம். எதை வைத்து இறுக்குவது என்பதில்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எறணாகுளத்து டாக்டர் எலும்புக்குள்ளேயே மறைந்துவிடும் திருகு போதும் என்றார். திருப்பூணித்துறையில் இன்னொருவரைப் பார்த்தால், முறிவு பழையது, ஓரம் தேய்ந்திருக்கிறது, சின்னத் தகடு வைத்தால்தான் அசையாது என்றார். கம்பி குத்தி வைத்துச் சேர்ந்தபின் உருவிவிடும் முறையும் உண்டாம். இத்தனை வருஷமாக இரும்புக்கடையில் இந்த மூன்றையும் விற்கிறவனிடம் இதைச் சொன்னால் சும்மா இருப்பேனா. பழைய மரத்தில் திருகு கடிக்காது, தகடு அடித்தால்தான் நிற்கும் என்று மறுபடி எறணாகுளத்துக்குப் போய் அந்த டாக்டரிடமே வாதாடினேன். அவர் சிரித்துவிட்டு, இக்கா, மரம் செத்தது, எலும்புக்கு உயிருண்டு, நான் எதை வைத்தாலும் அது சேரும்வரை பிடித்துக்கொள்ளத்தான், எந்த முறையானாலும் கை இரண்டு மூன்று மாதம் அடங்கிக் கிடக்க வேண்டும், தள்ளிப்போட்டால் மூட்டே தேய்ந்துவிடும் என்றார். கடைக்கு வந்து, ஆணி கேட்டவருக்குத் திருகை நிறுத்துக் கொடுத்தேன்.

அடங்கிக் கிடக்கிற கையா உன் அம்மாவுடையது. தலைப்பிரசவத்துக்கு மகளை வீட்டுக்கு அழைத்துவர முடியாவிட்டால் தாயாவது போக வேண்டாமா என்று ஒரே பிடிவாதம். ஆபரேஷனெல்லாம் பிள்ளைக்கு நாற்பது நாள் கழிந்து பார்த்துக்கொள்ளலாமாம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, உன் பிரசவ மருந்துக்குச் சாமானெல்லாம் இடது கையாலேயே வறுத்து வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆ முடிந்து கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்தேன். அடுக்களையில் அவள் மூன்று கிலோ அரிசியைப் பையில் கட்டி, துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல வலது கையில் ஏந்தி நடந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நாலடி வைப்பதற்குள் மணிக்கட்டு மடங்கி, பை விழுந்து கிழிந்தது. தரையில் உட்கார்ந்து அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓசைப்படாமல் வாசலுக்குப் போய், இருமிக்கொண்டு மறுபடி உள்ளே வந்தேன். எலி பையைக் கடித்துவிட்டது என்றாள்.

மகளே, நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீதான் வராதே என்று சொல்ல வேண்டும். உனக்கு வாய் வராது என்று தெரியும், ஆனாலும் சொல். ஷாபாஸின் தாயார் வந்து பார்த்துக்கொள்வார் என்று சொல், கை சேர்ந்ததும் பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் போடுகிறேன் என்று சொல். கோபித்துக்கொண்டு அழுவாள். அழட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன். திருகோ தகடோ டாக்டர் பாடு, நான் இனி வாயே திறக்கமாட்டேன்.

அல்லாஹ் உனக்கு நல்ல சுகப்பிரசவத்தையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே. அரிசி விஷயம் எனக்குத் தெரியும் என்று அம்மாவிடம் மூச்சு விடாதே. அவள் சொன்னதை நான் நம்பிவிட்டதாக இருக்கட்டும் என்று கடையிலிருந்து எலிப்பொறி கொண்டுவந்து, தேங்காய்ச் சில்லு மாட்டி அடுக்களையில் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் இரண்டு பேரும் குனிந்து பார்க்கிறோம், இன்னும் எலி விழவில்லை.

உன் அத்தா,
பரீத்